வாங்கியதும் கொடுத்ததும்: எலாஸ்டிகா இசைக்குழு, 1992–2001

1995 மார்ச் மாதத்தில் எலாஸ்டிகா என்ற லண்டன் இசைக்குழுவின் முதல் தொகுப்பு வெளிவந்து, உடனே பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. முந்தைய ஆண்டில் ஓயாசிஸ் குழுவின் முதல் தொகுப்பு விற்ற வேகத்துக்குப் பிறகு, வேறெந்தப் புதுக்குழுவின் தொகுப்பும் அவ்வளவு விரைவாக விற்றிருக்கவில்லை. அடுத்த தொகுப்பு வருவதற்கு 5 ஆண்டுகள் ஆயின. அது 24ஆம் இடத்தை எட்டியது. அதற்கு மறு ஆண்டு குழு கலைந்துவிட்டது. இரண்டே தொகுப்புகள், ஒன்பதே ஆண்டுகள் என்ற இந்தச் சிறு வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: பழைய பாடல்களிலிருந்து எடுத்தாண்டதால் எழுந்த உரிமைத் தகராறு ஒன்று, பாடகி ஜஸ்டீன் ஃப்ரிஷ்மனுக்கும் ப்ளர் இசைக்குழுவின் பாடகர் டேமன் ஆல்பர்னுக்கும் இருந்த காதல் மற்றொன்று. இரண்டாவதைப் பற்றிப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் தேவைக்கு மேல் எழுதிவிட்டன. முதலாவதைப் பற்றித் தீர்ப்பு நிறைய வந்தது, ஆய்வு குறைவாகவே வந்தது. இக்குழு எதை, எப்படி வாங்கியது, வாங்கியதை வைத்து என்ன செய்தது, கடைசியில் யாருக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போனது என்பதே இங்கு என் கேள்வி. அதற்கான விடையில் ஈழத்திலிருந்து லண்டனுக்கு வந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கும் இடம் உண்டு.

தொடக்கம்

குழுவைத் தொடங்கிய ஜஸ்டீன் ஃப்ரிஷ்மன் 1969இல் பிறந்தவர். அவருடைய தந்தை வில்லெம் ஃப்ரிஷ்மன், நாஜிகளின் யூத இன அழிப்பிலிருந்து உயிர்தப்பிப் பிரிட்டனுக்கு வந்தவர். லண்டனின் சென்டர் பாயின்ட், நாட்வெஸ்ட் கோபுரம் போன்ற உயர்ந்த கட்டடங்களின் பொறியியலில் பங்காற்றியவரும்கூட. மகளும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டடக்கலை படித்தார். அங்கே பழக்கமான பிரெட் ஆண்டர்சனுடன் சேர்ந்து ஸ்வேட் என்ற குழுவை உருவாக்கினார். 1991இல் அக்குழுவைவிட்டு விலகினார். அவர் விலகிய சில மாதங்களில், ஒரு சிங்கிளும், அதாவது தனியாக வெளியிடப்படும் ஒரு பாடலும், வெளிவராத நிலையிலேயே, ஸ்வேட் குழுவைப் பிரிட்டனின் மிகச்சிறந்த புதுக்குழு என்று மெலடி மேக்கர் வார இதழ் அட்டைப்படத்தில் அறிவித்தது. 1993இல் அக்குழுவின் முதல் தொகுப்பு, ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ், ஐரிஷ் இசைத்தொகுப்புக்கு வழங்கப்படும் மெர்க்குரி பரிசைப் பெற்றது. தான் கட்ட உதவிய வீட்டின் புகுவிழாவை வெளியே நின்று பார்க்கும் நிலை ஃப்ரிஷ்மனுக்கு வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் எடுத்த முடிவுகளை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்வேட் குழுவின் இசை நீண்டது, அலங்காரமானது, 1970களின் தொடக்கத்துக் கவர்ச்சி ராக்கை நினைவூட்டுவது. ஃப்ரிஷ்மன் அதற்கு நேரெதிரான இடத்துக்குப் போனார். பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசை வெடித்து அடங்கிய 1977க்கும் 1981க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், அந்த வேகத்தை வைத்துக்கொண்டே ராக் இசையின் பழைய பழக்கங்களைக் கழற்றியெறிந்த குழுக்கள் பிரிட்டனில் பல தோன்றின. போஸ்ட்-பங்க் என்று பின்னர் அழைக்கப்பட்ட அந்த இசையில் நீண்ட தனிவாசிப்பு கிடையாது, உணர்ச்சி பொங்கும் குரல் கிடையாது. கித்தார் ஈரப்பசை இல்லாமல், மூலைகள் கூர்மையாக ஒலிக்கும். 1976இல் லண்டனில் தொடங்கிய வயர் குழுவின் முதல் தொகுப்பில் 21 பாடல்கள் 35 நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன, ஏனென்றால் சொல்லவேண்டிய சொற்கள் தீர்ந்ததும் பாடலை நிறுத்திவிடுவது அவர்களுடைய வழக்கம். 1990களின் தொடக்கத்தில் இந்த மரபைப் பேசியவர் சிலரே. அமெரிக்காவின் கிரஞ்ச் இசை வானொலியை நிறைத்திருந்தது. பிரிட்பாப் என்று பின்னர் பெயர்பெற்ற அலையோ 1960களின் பீட்டில்ஸ், கிங்ஸ் குழுக்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

1992இல் ஃப்ரிஷ்மனும், ஸ்வேட்டில் சிறிது காலம் டிரம்ஸ் வாசித்த ஜஸ்டின் வெல்ச்சும் சேர்ந்து புதிய குழுவைத் தொடங்கினர். பேஸ் கித்தாருக்கு ஆனி ஹாலண்டும், முன்னணிக் கித்தாருக்கு வேல்ஸின் நியூபோர்ட்டைச் சேர்ந்த டானா மேத்யூஸும் வந்தனர். நால்வரில் மூவர் பெண்கள், அந்த மூவரும் கருவிகளோடு மேடையின் முன்வரிசையில் நின்றனர், பாடல்களையும் அவர்களே எழுதினர். பிரிட்பாப் மேடைகளில் ஆண்களின் கூட்டமே நிறைந்திருந்த காலத்தில், கறுப்பு உடையும் குட்டை முடியுமாக, யாருக்கும் புன்னகைக்காமல் நின்ற இந்த மூவரின் தோற்றமே ஒரு கருத்தாக இருந்தது. 1993இல் வெளிவந்த அவர்களது முதல் சிங்கிள் ‘ஸ்டட்டர்’, குடித்துவிட்டு வந்து இயலாமல் போகும் ஆணைப் பார்த்துப் பெண் பேசும் பாடல். அதில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை, பொறுமையிழந்த ஒரு கேலி மட்டுமே இருந்தது. அதை வெளியிட்ட டிசெப்டிவ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் பிபிசி ரேடியோ 1இன் அறிவிப்பாளர் ஸ்டீவ் லமாக்கும் ஒருவர். 1994இல் ‘லைன் அப்’ 20ஆம் இடத்தையும், ‘கனெக்‌ஷன்’ 17ஆம் இடத்தையும், 1995இன் தொடக்கத்தில் ‘வேக்கிங் அப்’ 13ஆம் இடத்தையும் பிடித்தன.

மூன்று பாடல்களும் இரண்டு உரிமைக்கோரிக்கைகளும்

பட்டியலில் ஏறிய இந்த மூன்று பாடல்களே தகராறுக்கும் காரணமாயின. ‘கனெக்‌ஷன்’ பாடலின் ரிஃப், அதாவது பாடல் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறு இசைத்துணுக்கு, வயர் குழு 1977இல் வெளியிட்ட ‘த்ரீ கர்ல் ரும்பா’ பாடலின் கித்தார் ரிஃபே என்பதைக் கேட்ட மாத்திரத்தில் யாரும் சொல்லிவிடலாம். ‘லைன் அப்’பின் பல்லவி வயரின் ‘ஐ ஆம் தி ஃப்ளை’ பாடலின் பல்லவியை ஒத்திருந்தது. ‘வேக்கிங் அப்’ தி ஸ்ட்ராங்க்லர்ஸ் குழுவின் ‘நோ மோர் ஹீரோஸ்’ பாடலின் முதுகெலும்பைத் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தது. இரு குழுக்களின் பாடல் உரிமைகளை வைத்திருந்த பதிப்பு நிறுவனங்களும் உரிமை கோரின. வழக்கு விசாரணைக்குப் போகாமல், நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. ‘வேக்கிங் அப்’ பாடலின் ராயல்டியில் 40 விழுக்காடு ஸ்ட்ராங்க்லர்ஸ் தரப்புக்குப் போனது. அக்குழுவினரின் பெயர்களும் பாடலாசிரியர்களாகச் சேர்க்கப்பட்டன.

இதன் சட்டப்பக்கத்தைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இசை ரசிகர்களிடையே இதைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் பல தவறானவை. ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் அடங்கியிருக்கின்றன. மெட்டும் சொற்களும் சேர்ந்த ஆக்கத்துக்கு ஓர் உரிமை, அந்த ஆக்கத்தைப் பாடி வாசித்துப் பதிவுசெய்த ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. ஹிப்-ஹாப் கலைஞர்கள் பழைய இசைத்தட்டிலிருந்து ஒலியையே வெட்டியெடுக்கும்போது இரண்டு உரிமைகளும் தொடப்படுகின்றன. எலாஸ்டிகா வெட்டியெடுக்கவில்லை, தங்கள் கைகளால் புதிதாக வாசித்தார்கள். ஆகவே ஆக்கத்தின் உரிமை மட்டுமே கேள்விக்குள்ளானது. இத்தனை சுரங்கள் வரை எடுத்தால் குற்றமில்லை என்று ஒரு கணக்கு இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். அப்படியொரு கணக்கு பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. எடுக்கப்பட்டது மூல ஆக்கத்தின் கணிசமான பகுதியா என்பதையே அச்சட்டம் கேட்கிறது, கணிசம் என்பதை அளவைவிடத் தன்மையை வைத்தே நீதிமன்றங்கள் எடைபோடுகின்றன. ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான ‘த்ரீ கர்ல் ரும்பா’வில் அந்த ரிஃபை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மிகக் குறைவு. எனவே பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது சரியான முடிவு, கொடுக்கவேண்டிய கடனும்கூட. இதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் கடன் தீர்ந்த பிறகும் விமர்சகர்களில் ஒரு சாரார் திருட்டு என்ற சொல்லை விடவில்லை. அங்கேதான் நான் மாறுபடுகிறேன். இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பார்க்க வேண்டும். வயரின் பாடலில் அந்த ரிஃப் மெலிந்த கித்தாரில், பதற்றமாக, எங்கும் போய்ச்சேராமல் சுற்றி, பாதியில் நின்றுவிடுகிறது. போய்ச்சேராமல் இருப்பதே அதன் நோக்கம். எலாஸ்டிகா அதே துணுக்கைச் சுருதி இறக்கி, முதலில் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் கறகறவென்று ஒலிக்கவைத்து, ஒரு கணம் காத்திருக்கச்செய்து, பிறகு டிரம்ஸும் தடித்த கித்தார்களும் ஒன்றாக விழும்போது அதை நடனத்துக்கான அடியாக மாற்றிவிடுகிறது. அதன்மேல் ஃப்ரிஷ்மனின் குரல், பாடுகிறதா பேசுகிறதா என்று பிரிக்கமுடியாதபடி, அக்கறையற்ற பாவனையில் மிதக்கிறது. ஒரே செங்கல்தான், வயர் அதை வைத்துச் சுவர் எழுப்பியது, எலாஸ்டிகா கதவு வைத்தது. ‘வேக்கிங் அப்’ விஷயம் சற்று வேறு. அதில் மாற்றம் குறைவு, கடன் அதிகம். ஆனால் வீரர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்ட பாட்டின் மெட்டில், காலையில் எழவே மனமில்லாத, ஏதோ ஆக வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ள ஒரு பெண்ணின் சோம்பலைப் பாடியது, வேண்டுமென்றே செய்த பதிலாக எனக்குப் படுகிறது.

இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இதே தொகுப்பின் மற்றப் பாடல்களில் யாரும் உரிமை கோரவில்லை, ஆனாலும் அவை அதே இலக்கணத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பதினைந்து பாடல்கள் 40 நிமிடங்களுக்குள் முடிகின்றன, தேவையற்ற ஒரு தனிவாசிப்பும் இல்லை. மார்க் வாட்டர்மன் தயாரித்த அப்பதிவில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியே கேட்கும். டானா மேத்யூஸின் பங்கை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழுவின் முகமாக ஃப்ரிஷ்மன் இருந்ததால், கித்தாரின் கூர்மையிலும் இரண்டாம் குரலிலும் பாடலெழுத்திலும் மேத்யூஸ் செய்தது பெரும்பாலும் மறைந்துபோயிற்று. பின்னாளில் அவர் விலகியபோது குழு எதை இழந்தது என்பது இந்தத் தொகுப்பைக் கூர்ந்து கேட்டால் விளங்கும். ‘2:1’ என்ற பாடலை அடுத்த ஆண்டு ‘டிரெயின்ஸ்பாட்டிங்’ திரைப்படத்தின் இசைத்தொகுப்பிலும் சேர்த்தார்கள். டேமன் ஆல்பர்ன் தன் பெயரின் எழுத்துகளை மாற்றியடுக்கி டான் அப்நார்மல் என்ற புனைபெயரில் இத்தொகுப்பில் கீபோர்டு வாசித்தார். அதை வைத்து, பாடல்களையே அவர்தான் எழுதியிருப்பார் என்ற வதந்தியும் கிளம்பியது. ஒரு பெண் கடன்வாங்கினால் திருட்டு, சொந்தமாக எழுதினால் காதலனின் கை என்ற அந்தப் பேச்சில் இருந்த அநியாயத்தை இன்றும் பொறுக்க முடியவில்லை. 1995ஆம் ஆண்டின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப்பட்டியலில் இத்தொகுப்பு இடம்பெற்றது. பரிசு போர்ட்டிஸ்ஹெட் குழுவுக்குப் போனது.

அமெரிக்காவும் அதன் விலையும்

1990களில் பிரிட்டிஷ் குழுக்களில் பல அமெரிக்காவில் தடுமாறின. எலாஸ்டிகா அவ்வளவு தடுமாறவில்லை. கெஃபன் நிறுவனத்தின் வழியே அங்கே வெளியான ‘கனெக்‌ஷன்’ பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 53ஆம் இடத்துக்கும், நவீன ராக் வானொலிப் பட்டியலில் 2ஆம் இடத்துக்கும் ஏறியது. சுருக்கமான, தாளம் முன்னிற்கும், குறிப்பாக இங்கிலாந்தின் உள்ளூர்ச் செய்திகளைப் பேசாத இசையாக இருந்ததே அதற்குக் காரணமாகலாம். ஆனால் அந்த நாட்டில் ஒரு பாடல் ஓடினால் அதன் பின்னால் குழுவும் ஓடவேண்டும். 1995 கோடையில், லொல்லபலூசா என்ற நகரும் இசைவிழாவிலிருந்து ஷினேட் ஓ’கானர் விலகியபோது அவருடைய இடத்துக்கு எலாஸ்டிகாவை அழைத்தார்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் பயணத்தில் இருந்த குழு அதையும் ஏற்றுக்கொண்டது. அந்தப் பயணத்தின்போதே ஆனி ஹாலண்ட் களைத்துப்போய் விலகினார். பிரிட்டனில் ப்ளரும் ஓயாசிஸும் ஒரே நாளில் சிங்கிள் வெளியிட்டு மோதி, தொலைக்காட்சிச் செய்திகள் அதை நாட்டு நிகழ்வாகக் காட்டிக்கொண்டிருந்த அந்த ஆகஸ்டில், எலாஸ்டிகா அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஒரு பேஸ் கித்தார்க் கலைஞரை இழந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு வந்த நான்கு ஆண்டுகளைப் பற்றிச் சொல்லக் குறைவாகவே இருக்கிறது, அதுதான் சோகம். ஹாலண்டின் இடத்துக்கு ஷீலா சிப்பர்ஃபீல்ட் வந்தார், போனார். தி ஃபால் குழுவில் இருந்த டேவ் புஷ் கீபோர்டுக்கு வந்தார். ஒலிப்பதிவுக்கூடங்களில் பாடல்கள் தொடங்கப்பட்டு முடிக்கப்படாமல் கிடந்தன. குழுவுக்குள் போதைப்பழக்கமும் புகுந்திருந்ததைப் பின்னாளில் உறுப்பினர்களே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். ஃப்ரிஷ்மனும் மேத்யூஸும் ஒருவரைவிட்டு ஒருவர் விலகிப்போயினர், 1990களின் முடிவுக்குள் மேத்யூஸ் குழுவையும் விட்டுவிட்டார். இந்தத் தேக்கத்துக்குக் கடன்வாங்கும் பழக்கமே காரணம், எடுத்தாளப் பழைய பாடல்கள் தீர்ந்துவிட்டன என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நால்வரும் ஓர் அறையில் நின்று ஒரே நேரத்தில் வாசித்து, ஒருவர் வீசியதை மற்றவர் பிடிப்பதில் உருவான இசை அது. அந்த நால்வரில் ஒருவர் 1995இல் போனார், இருவர் ஒருவரோடொருவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டனர். சுருக்கமே அழகாகக் கொண்ட இசைக்கு நீண்ட ஒலிப்பதிவுக்கூட வாசம் ஒவ்வாது என்பதும் என் துணிபு. இரண்டு நிமிடப் பாடலை இரண்டு ஆண்டுகள் திருத்தினால் அதில் திருத்தம் மட்டுமே கேட்கும்.

இரண்டாம் தொகுப்பு

1999இல் ஃப்ரிஷ்மன் குழுவை மறுபடி கூட்டினார். ஹாலண்ட் திரும்பி வந்தார், வெல்ச் இருந்தார், புதிய கித்தார்க் கலைஞரும் இன்னொரு கீபோர்டுக் கலைஞரும் சேர்ந்தனர். அந்த ஆண்டு வெளிவந்த ஆறு பாடல் கொண்ட சிறுதொகுப்பில் தி ஃபால் குழுவின் மார்க் இ. ஸ்மித் பாடிய ‘ஹவ் ஹீ ரோட் எலாஸ்டிகா மேன்’ இருந்தது. 1980இல் தி ஃபால் வெளியிட்ட பாடலொன்றின் தலைப்பைச் சற்றே திருகி வைத்த பெயர் அது. போஸ்ட்-பங்கின் மூத்தவர் ஒருவர், கடன்வாங்கியவர்கள் என்று பழிக்கப்பட்ட குழுவுடன் சேர்ந்து, தன் பாடலின் பெயரையே அவர்களுக்கு ஏற்றபடி மாற்றிப் பாடினார் என்பதை இத்தகராறு பற்றிய எந்தப் பேச்சிலும் நினைவில் வைக்க வேண்டும்.

2000 ஏப்ரலில் வெளிவந்த ‘தி மெனஸ்’ தொகுப்பை நான் பலரைப்போல் தோல்வி என்று ஒதுக்க மாட்டேன். முதல் தொகுப்பின் பளபளப்பு அதில் இல்லை. பதிவு கரடுமுரடாக, சில இடங்களில் ஒத்திகையைப் பதிவுசெய்ததுபோல் இருக்கிறது. சின்தசைசர்கள் கித்தாரை ஓரங்கட்டுகின்றன. டிரியோ என்ற ஜெர்மானியக் குழுவின் ‘டா டா டா’ பாடலைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள், இம்முறை ஒளிவுமறைவின்றி, மறுபாடலாகவே. ஆனால் பிரிட்பாப் முடிந்துபோன ஆண்டு அது. ஐந்து ஆண்டுகள் காத்திருந்தவர்கள் முதல் தொகுப்பின் தங்கச்சியை எதிர்பார்த்தார்கள், வந்தது வேறொரு குழந்தை.

அத்தொகுப்பின் அட்டையை வடிவமைத்தவர் மாதங்கி அருள்பிரகாசம் என்ற இளம் கலைஞர். 1975இல் லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாகப் பெற்றோருடன் யாழ்ப்பாணம் போய், போர் மூண்ட பிறகு 1986இல் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் அகதியாக லண்டனுக்குத் திரும்பியவர். மிட்ச்சம் பகுதியிலுள்ள அரசுக் குடியிருப்பில் வளர்ந்தார். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படமும் காணொளிக்கலையும் படித்தார். அவருடைய ஓவியங்களும் படக்காட்சிகளும் ஃப்ரிஷ்மனுக்குப் பிடித்திருந்தன. அட்டைப்பட வேலையோடு, ‘மேட் டாக்’ சிங்கிளுக்கான காணொளியை இயக்கும் வேலையும், குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படமெடுக்கும் வேலையும் அவருக்கு வந்தன. இசைத்துறையில் யாரையும் அறியாத, கல்லூரியை அப்போதுதான் முடித்த ஓர் ஈழத்துப் பெண்ணிடம், பெரிய நிறுவனங்களின் கண் இருந்த ஒரு குழு தன் முகத்தையே ஒப்படைத்தது. அதைச் சிறிய செயலாக எண்ணக்கூடாது. ஃப்ரிஷ்மனும் உயிர்தப்பி வந்த ஒருவரின் மகள் என்பது இதை எழுதும்போது என் மனத்தில் ஓடுகிறது.

அந்த அமெரிக்கப் பயணத்தில் எலாஸ்டிகாவுக்கு முன் மேடையேறியவர் பீச்சஸ் என்ற கனடியக் கலைஞர். ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒரு பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, இசைக்குழு எதுவுமின்றித் தனியாகவே மேடையை நிறைத்தவர். தாள ஒலிகளும் சின்தசைசரும் அவற்றை வரிசைப்படுத்தும் பொறியும் ஒன்றாக அடங்கிய கருவி அது. கித்தார் கற்கவோ குழு சேர்க்கவோ தேவையில்லை, விரல் பட்டால் தாளம் பிறக்கும். படமெடுக்க வந்த மாதங்கிக்கு அந்தக் கருவியை அறிமுகப்படுத்தி, செய்துபார்க்கும்படி தூண்டியவர் பீச்சஸ். லண்டன் திரும்பியதும், ஃப்ரிஷ்மனிடம் இருந்த எம்.சி.-505ஐக் கடனாக வாங்கி, அதிலேயே தன் முதல் டெமோ (மாதிரிப் பதிவு) பாடல்களை அவர் உருவாக்கினார்.

2001க்குப் பின்

எலாஸ்டிகா 2001இல் பெரிய அறிவிப்புகள் இல்லாமல் கலைந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட், ப்ளாக் பார்ட்டி, தி ஃப்யூச்சர்ஹெட்ஸ் போன்ற குழுக்கள் அதே 1977–81 காலத்து இசையிலிருந்து எடுத்துப் பெரும்புகழ் பெற்றன. ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்டின் முதல் தொகுப்பு 2004ஆம் ஆண்டின் மெர்க்குரி பரிசையே வென்றது. அதைப் போஸ்ட்-பங்க் மறுமலர்ச்சி என்று மரியாதையோடு அழைத்தார்கள். அவர்களில் யாரும் முழு ரிஃபை அப்படியே எடுக்கவில்லை என்பது உண்மை. அந்த இசையைப் பத்தாண்டுக்கு முன்பே பொதுவெளிக்குக் கொண்டுவந்து, அதற்கான பழியையும் பணத்தையும் கட்டியது எலாஸ்டிகா என்பதும் உண்மை. ஜஸ்டின் வெல்ச் பின்னர் லஷ் குழு மீண்டும் கூடியபோது அதில் டிரம்ஸ் வாசித்தார், அதன் பாடகி மிக்கி பெரன்யியுடன் பிரோஷ்கா என்ற குழுவிலும் இருந்தார். ஃப்ரிஷ்மன் அமெரிக்காவின் கொலராடோவில் காட்சிக்கலை படித்து ஓவியரானார். 2012இல் பிரிட்டனின் ஜான் மூர்ஸ் ஓவியப் பரிசுக்கான இறுதிப்பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

அந்த மாற்றத்துக்கு முன் அவர் இன்னொரு பாடலில் கைவைத்தார். எம்.ஐ.ஏ. என்று தனக்குப் பெயரிட்டுக்கொண்ட மாதங்கி, 2003இல் ‘கலாங்’ என்ற பாடலை ஒரு சிறு நிறுவனத்தின் வழியாக 500 இசைத்தட்டுகளாக மட்டும் வெளியிட்டார். அது கையிலிருந்து கைக்கும், இணையத்தில் கணினியிலிருந்து கணினிக்கும் பரவி, எக்ஸ்எல் நிறுவனத்தின் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. 2005இல் தந்தையின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதையே தலைப்பாகக் கொண்ட தொகுப்பில் அது இடம்பெற்றது. அத்தொகுப்பும், பத்தாண்டுகளுக்கு முன் எலாஸ்டிகா இருந்த அதே மெர்க்குரி இறுதிப்பட்டியலில் இருந்தது. ‘கலாங்’ பாடலை எழுதியவர்கள் என்று நான்கு பெயர்கள் பதிவாகியிருக்கின்றன: எம்.ஐ.ஏ., ராஸ் ஆர்டன், பல்ப் குழுவின் பேஸ் கித்தார்க் கலைஞர் ஸ்டீவ் மேக்கி, ஜஸ்டீன் ஃப்ரிஷ்மன்.